சுக்கு இருக்கும் இடம்

முதுகு அரிப்புக்கு வேப்பெண்ணெய் நல்ல மருந்து, மேடம். லேசாகச் சூடாக்கித் தேய்த்துவிட்டுப் படுத்தால் ஒரே வாரத்தில் அடங்கிவிடும். இதை எனக்குச் சொன்னது அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் என் மகள் பெபிஷா. ஆனால் எனக்காகச் சொல்லவில்லை, நாய்க்காகச் சொன்னாள். அரிப்பு எனக்கு, மருந்து நாய்க்கு. நடந்தது இவ்வளவுதான் என்று நிறுத்திக்கொள்ளலாம். என் கையாலேயே விவரமாக எழுதித் தரச் சொல்லியிருப்பதால் எழுதுகிறேன்.

பெயர் செல்வதாஸ். குழித்துறையில் ஆற்றுக்குப் பக்கம் சொந்த வீடு. போக்குவரத்துக் கழகத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த பஸ் எப்போது வந்தது, ஏன் தாமதம், நடுவில் எங்கே நின்றது என்று கேட்டுக் கேட்டே தலை நரைத்தது. டிரைவர்களும் கண்டக்டர்களும் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள், அதைப் போலீஸ் ஸ்டேஷனில் எழுத முடியாது. அதே கேள்விகளை ஒருநாள் என்னிடமும் ஒருத்தி கேட்பாள், நான் ஒரு நாயின் சார்பில் நின்று பதில் சொல்வேன் என்று தெரிந்திருந்தால் அவர்கள் டிப்போவில் லட்டு கொடுத்திருப்பார்கள்.

என் மனைவி லில்லிபாய் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. பெபிஷா ஒரே பிள்ளை. அவள் வெளிநாடு போவதற்கு முந்தின மழைக்காலத்தில் சந்தைப் பக்கத்து ஓடையிலிருந்து ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாட்டுநாய், பெட்டை. சுக்கு நிறத்தில் இருந்ததால் சுக்கு என்று பெயர் வைத்தாள். அதற்குப் பால் கொடுத்து, கண்ணில் பீளை துடைத்து, தன் பழைய சால்வையில் சுற்றி வளர்த்தாள். பிறகு விசா வந்தது, போய்விட்டாள். வீட்டில் நானும் சுக்குவும் மட்டும்.

நாங்கள் ஒற்றுமையாகத்தான் இருந்தோம். நான் திட்டுவேன், அது கேட்டுக்கொண்டிருக்கும். மீன் தலை அதற்கு, நடுத்துண்டு எனக்கு. சாயங்காலம் இரண்டு பேரும் ஆற்றுப் பாலம் வரை போய்வருவோம். அது எவ்வளவு தூரம் என்று இரண்டு பேருக்குமே தெரியாது, தெரிந்து ஆகவேண்டியதும் ஒன்றுமில்லை.

ஒரு ஆடி அமாவாசைக்கு, ஆற்றங்கரையில் முன்னோருக்குப் பலியிடும் வாவுபலிக் கூட்டத்தில் சுக்கு காணாமல் போனது. மறுநாள் சேறும் சகதியுமாகத் தானே திரும்பி வந்தது. அதை நான் போனில் தமாஷாகத்தான் சொன்னேன். பெபிஷா அந்தப் பக்கம் அழுதாள். கொஞ்ச நாளில் லீவில் வந்த அவள் தோழி ஒருத்தி ஒரு பெல்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். கறுப்பு பெல்ட், அதில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு டப்பா. உள்ளே சிம் இருக்கிறது. நாய் எங்கே நிற்கிறது, எவ்வளவு நடந்தது, எப்படித் தூங்கியது, எத்தனை முறை சொறிந்தது, குரைத்தது, நெஞ்சு எப்படித் துடிக்கிறது, எல்லாம் போனில் தெரியும். என் போனில் மட்டுமல்ல, அவள் போனிலும் தெரியும்.

அதற்கு முன்பெல்லாம் அவள் கூப்பிட்டால் முதல் வார்த்தை "அப்பா, சாப்டீங்களா" என்பதுதான். பெல்ட் வந்த பிறகு அந்த வார்த்தை மெல்ல மெல்லப் பின்னால் போய், ஒருநாள் காணாமலே போனது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். இதை நான் மறைக்கப்போவதில்லை.

"அப்பா, சுக்கு இன்னைக்கு நடக்கவே இல்லியே, என்ன?"

"மழை மக்கா."

"குழித்துறையில மழை இல்லண்ணு காட்டுதே."

வாழ்நாள் முழுக்க டிரைவர்களிடம் இதே குரலில் பேசியவன் நான். அந்தக் குரலை எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

டிரைவர்கள் செய்ததையே நானும் செய்தேன். பக்கத்து வீட்டு ரசலையன் காலையில் பைக்கில் பால் ஊற்றப் போகிறவர். ஒருநாள் மூட்டுவலி என்பதால், அவருக்கே தெரியாமல் பெல்ட்டைப் பால் கேனின் பிடியில் மாட்டிவிட்டேன். நாய் நல்ல தூரம் போய்வந்த கணக்கு விழும் என்று எண்ணம். அவர் வீட்டுக்கு வீடு நின்று பால் ஊற்றுவார் என்பது எனக்குத் தோன்றவில்லை. பெபிஷா டியூட்டியிலிருந்து கூப்பிட்டாள். "அப்பா, சுக்கு வீடு வீடா போயி வாசல்ல நிக்குது. நீங்க அதுக்குத் தீனி குடுக்குறது இல்லியா?" நாயைப் பிச்சையெடுக்க விட்டவன் என்று என்னைப் பற்றி அவள் அயர்லாந்து முழுக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு சுக்குவும் நானும் பழைய மாதிரி இல்லை. பாலத்துக்குப் போவது டியூட்டி ஆகிவிட்டது. அது ஒரு மின்கம்பத்தை மோந்து பார்க்க நின்றால் நான் இழுப்பேன். நின்றால் நடை ஏறாதே. முன்பு வெளியே கிளம்பினால் குதிக்கும் நாய், பெல்ட்டை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தது. நான் அதை செக்கிங் இன்ஸ்பெக்டரைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். அது என்னை எப்படிப் பார்த்தது என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

கண் ஆபரேஷனுக்குப் பெபிஷாவை வரச் சொன்னேன், லீவு இல்லை என்றாள். லில்லிபாயின் நினைவு ஜெபத்துக்கு வரச் சொன்னேன், அதற்கும் லீவு இல்லை. உண்மையாகத்தான் இருக்கும். நர்ஸ் வேலை அப்படி.

இந்த ஜனவரியில் ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, எழ முடியவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். ரசலையனும் அவர் மனைவி பூங்கனியும் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். சுக்கு ஓடிவந்து வாசலில் நின்று குரைத்தது. யாரும் வரவில்லை என்றதும் உள்ளே வந்து, ஈரத்தரையில், என் விலாவோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. சாதாரணமாக ஈரம் என்றால் அது காலே வைக்காது. மத்தியானம் முழுக்க அப்படியே கிடந்தோம். வெயில் சாய்ந்த பிறகு குழாயைப் பிடித்து எப்படியோ எழுந்தேன்.

சாயங்காலம் போன் வந்தது.

"அப்பா, சுக்கு ஏன் மத்தியானம் ஒக்க ஒரே எடத்துல கெடந்துச்சு? கொரைச்சும் இருக்கு. அதுக்கு ஒடம்பு செரியில்லியா?"

"ஒண்ணும் இல்ல மக்கா."

"நல்லா நோக்குனீங்களா?"

"நோக்கியாச்சு."

விழுந்தது நான் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அவள் கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தேன். நாய்க்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். எனக்குக் கோபம் மகள் மேல் வரவில்லை, மேடம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு கஞ்சி வடித்துக்கொண்டிருந்தபோது சுக்கு வந்து காலடியில் நின்றது. அதன் மேல் வந்தது. அது பொறாமை. பென்ஷன் வாங்குகிற ஒரு ஆள், மீன் தலை தின்கிற நாய் மேல் பட்ட பொறாமை. இதற்குச் சட்டத்தில் பிரிவு இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி தொடக்கத்தில் சுக்குவைச் சிதறாலுக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸில்தான். கண்டக்டர் ஜிபின் பழைய ஆள் என்ற மரியாதையில் ஏற்றிக்கொண்டான். "அண்ணாச்சி, பட்டிக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா?" என்று நாயைக் காட்டிக் கேட்டான். கோழிக்குஞ்சை ஏற்றியதற்கே ஆட்களுக்கு மெமோ எழுதிப் போட்டவன் நான். பஸ்ஸே சிரித்தது. சுக்கு ஜன்னல் பக்கம் மூக்கை நீட்டி, காதுகளைக் காற்றில் விட்டுக்கொண்டு, என் மடிமேல் முன்காலை வைத்து வந்தது. பஸ் பயணம் அதற்கு அதுதான் முதல் தடவை.

மலை ஏறினோம். மேலே பாறையில் வெட்டிய பழைய சமணக் கோவில் இருக்கிறது. பக்கத்துக் குளத்தில் அது தண்ணீர் குடித்தது. நான் பாறையில் உட்கார்ந்தேன், அது என் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்தது. பெபிஷாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அப்பா, சிதறால் மலைக்கா கூட்டிட்டுப் போயிருக்கீங்க? சூப்பர் அப்பா நீங்க." அதை நான் பலமுறை கேட்டேன். சுக்குவும் அவள் குரல் வந்த பக்கம் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டது.

இறங்கும்போது அடிவாரத்தில் ஒரு ரப்பர் தோட்டம் இருந்தது. அங்கே சுக்குவை விட்டேன். தோட்டங்களில் மரத்தில் பால் வெட்டும் வெட்டுக்காரர்கள் விடியும் முன்பே வருவார்கள், தலையில் லைட் மாட்டியிருப்பார்கள், பார்ப்பார்கள், நல்ல நாய் என்று யாராவது கூட்டிக்கொண்டு போவார்கள் என்பது என் கணக்கு. பெல்ட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். விட்டேன் என்று எழுதியிருப்பதைப் பற்றிக் கேட்பீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

வீட்டுக்கு வந்து பெல்ட்டை மேஜைமேல் வைத்தேன். நாய் பெல்ட்டை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்று சொல்வதுதான் திட்டம். அதற்குள் போன் வந்துவிட்டது. "பெல்ட் லூசா இருக்கு அப்பா, துடிப்பு காட்ட மாட்டேங்குது. கழுத்தோட ஒட்டி இறுக்கிக் கட்டுங்க." செரி மக்கா என்றேன். மகள் ஒன்று சொன்னால் செய்து பழகிவிட்டது. எடுத்து என் கழுத்தில் கட்டினேன். ஒரு ஓட்டை மட்டும் தள்ளிப் போட வேண்டியிருந்தது. "ஆங், இப்ப வருது," என்றாள். குரலில் அத்தனை நிம்மதி. கண்ணாடியில் பார்த்தேன். பொருத்தமாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து கழுத்தில் பெல்ட், அதன்மேல் துண்டு. வீடியோவில் நாயைக் காட்டச் சொன்னபோது போன் தண்ணீரில் விழுந்து கேமரா போய்விட்டது என்றேன். பழைய போட்டோக்களை ஒவ்வொன்றாக அனுப்பினேன். மற்றபடி நான் நல்ல நாயாக இருந்தேன் என்றே நினைக்கிறேன். காலையும் மாலையும் பாலம் வரை நடந்தேன். மின்கம்பங்களில் கொஞ்சம் நின்றேன். சர்க்கரை இறங்கியது.

குரைப்பது ஒன்றுதான் சிரமமாக இருந்தது. சில நாள் குரைப்பே இல்லை என்று காட்டியதும் அவள் பயந்துபோனாள். வேறு வழியில்லாமல் அடுக்களையில் நின்று குரைத்தேன். முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு நெஞ்சுச்சளி இளகுவதுபோல் இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பூங்கனி கேட்டாள்: "அண்ணே, சுக்குவ வெளிய காணவே இல்லியே. தொண்ட கட்டியிருக்கா? கொர ஒரு மாதிரி கேக்குது."

"கால்ல முள்ளு குத்தியிருக்கு. உள்ள கட்டிப் போட்டிருக்கேன்."

அன்று சாயங்காலம் நாய்க்கென்று மிளகும் பனங்கற்கண்டும் தட்டிப்போட்டு ஒரு கஷாயம் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். தொண்டைக்கு இதமாக இருந்தது.

வியர்வையில் எனக்கு முதுகு முழுக்க அரிப்பு வந்தபோதுதான் அந்த வேப்பெண்ணெய். தூக்கமும் எனக்குக் கொஞ்ச காலமாகவே கிடையாது. அதையும் பெல்ட் சொல்லிக் கொடுத்துவிட்டது. "சுக்கு ராத்திரி சும்மா சும்மா எழும்புது. அதுக்கு என்னமோ பயம், பேடி இருக்கு அப்பா. பக்கத்துல படுக்க வச்சு மெல்லப் பேசுங்க. அம்மா பேரச் சொல்லுங்க, குட்டியில நான் அப்படித்தான் ஒறக்குவேன், அது அடங்கும்." விளக்கை அணைத்துவிட்டு, லில்லிபாய், லில்லிபாய் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். உண்மையிலேயே தூங்கிவிட்டேன்.

லில்லிபாய் போன பிறகு அத்தனை நல்ல நாட்கள் எனக்கு வாய்க்கவில்லை. தினமும் போன், சில நாள் இரண்டு முறை. என்ன தின்றது, ஏன் சோர்ந்து கிடக்கிறது, வெயிலில் ஏன் நடக்க விட்டீர்கள். அவளுக்கு நான் அப்பாவாக இருந்ததைவிட நாயாக இருந்தபோது நன்றாகத் தேறினேன். சுக்குவை நினைக்கவில்லையா என்று கேட்பீர்கள். யாராவது கூட்டிப்போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அதற்குமேல் நினைப்பதற்குள் போன் வந்துவிடும்.

மார்ச் கடைசியில் பெபிஷா ஒருநாள் பேசத் தொடங்கும் முன்பே அழுதாள். "அப்பா, சுக்குக்கு நெஞ்சு செரியில்ல. துடிப்பு விட்டு விட்டு வருது. நான் டெய்லி இதத்தானே நோக்குறேன், எனக்குத் தெரியாதா." கால்நடை டாக்டரிடம் காட்டச் சொன்னாள். காட்டினேன், மாத்திரை கொடுத்தார் என்றேன். மாத்திரையின் பெயர் கேட்டாள். தடுமாறினேன். பிறகு, "நான் லீவு போட்டாச்சு. ஈஸ்டருக்கு முன்ன வாறேன்," என்றாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. சுக்கு இல்லாத வீட்டுக்கு அவள் வருகிறாள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. திரைச்சீலை துவைத்தேன். நெய்மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். மகள் வருகிறாள் என்று சபையில் எல்லோரிடமும் சொன்னேன்.

டாக்சியிலிருந்து போனைக் கையில் பிடித்தபடியே இறங்கினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு, "சுக்கு, ஏட்டி சுக்கு," என்று கூப்பிட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள். "இங்கதான் நிக்குதுண்ணு காட்டுது அப்பா. எங்க?" போனைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு அடியாக வந்து என் முன்னால் நின்றாள். கை நீட்டி என் கழுத்துத் துண்டை எடுத்தாள்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து, தன் வாட்சைப் பார்த்துக்கொண்டு நாடி எண்ணினாள். அவள் கண் நிறைந்துவிட்டது. "இது ஒங்க நெஞ்சா அப்பா? எத்தற நாளா இப்படி இருக்கு?" என்றாள். இதற்காகத்தான் எல்லாம், மேடம். அந்த ஒரு நிமிடத்தில் நான் செய்தது எதுவும் எனக்குத் தப்பாகத் தெரியவில்லை.

பிறகு என் கையை விட்டாள். போனில் விரலை வைத்துப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனாள். மார்ச், பிப்ரவரி. அதுவரை சுக்குவின் துடிப்பு என்றே நம்பியிருந்தாள், பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. நர்ஸ் இல்லையா. நாயின் துடிப்பு எது, மனிதன் துடிப்பு எது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

"இங்க மாறுது," என்றாள். "சிதறால்ல வச்சு சுக்கு துடிப்பு நின்னுருக்கு. அப்பா, சுக்கு எங்க?"

அதே டாக்சியில் போனோம். போகிற வழியெல்லாம் வெட்டுக்காரர்கள் யாராவது கூட்டிப்போய் வளர்ப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன். தோட்டத்தில் லிஜோ என்கிற வெட்டுக்காரப் பையன் இருந்தான். பெபிஷா போனில் சுக்குவின் படத்தைக் காட்டினாள். அவன் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்.

"வெட்டு தொடங்குன அன்னைக்குத்தான் அக்கா நான் கண்டேன். அதுக்கு முன்ன இங்க ஆரு வருவா? கயிறு மரத்துல கெடந்துச்சு. பட்டி எலும்பும் தோலுமா செத்துக் கெடந்துச்சு. நான்தான் குழி தோண்டிப் போட்டேன்."

மரத்தைக் காட்டினான். மரத்தைச் சுற்றி, கயிறு எட்டுகிற தூரத்தில், மண் வட்டமாகத் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. அவ்வளவு சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறது. பெல்ட் என்னிடம் இருந்ததால் அந்த நடை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. பெபிஷா அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் தோளைத் தொட்டேன். தள்ளிவிட்டாள். அங்கிருந்து நேராக உங்களிடம்தான் வந்தாள்.

விட்டேன் என்று மேலே எழுதியதைக் கட்டினேன் என்று திருத்திக்கொள்கிறேன். அவிழ்த்துவிட்டிருந்தால் என் பின்னாலேயே ரோட்டுக்கு வந்து லாரியில் அடிபட்டிருக்கும். அதன் பாதுகாப்புக்காகத்தான் கட்டினேன். நிழல் பார்த்துக் கட்டினேன். டிப்போவில் லாரிக்குச் சரக்குக் கட்டும் முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். கட்டும்போது என் கையை நக்கியது. ரப்பர்ப் பால் பிடிக்கும் சிரட்டைகள் எல்லா மரத்திலும் கவிழ்ந்து இருந்தன. ஒன்றை எடுத்து, நிமிர்த்தி, பாட்டிலில் இருந்த தண்ணீரை ஊற்றி வைத்தேன்.

சிரட்டை ஏன் கவிழ்ந்திருந்தது என்று விசாரிக்கும்போதே நீங்கள் கேட்டீர்கள். நீங்களும் இந்த மாவட்டத்துக்காரர், தெரியாமல் கேட்கவில்லை. தை கடைசியில் ரப்பர் இலை உதிர ஆரம்பித்தால் வெட்டை நிறுத்திவிடுவார்கள். தளிர் வந்து முற்றும் வரை தோட்டத்துக்குள் ஆள் நடமாட்டம் இருக்காது. எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இது தெரியும். நான் போன அன்று கணுக்கால் புதையும் அளவுக்குச் சருகு கிடந்தது. தெரிந்துதான் கட்டினேன்.

கட்டியதும் அது குரைக்கவில்லை. நான் திரும்பி வருவேன் என்று சருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான் ரோட்டை அடைந்த பிறகுதான் குரைக்க ஆரம்பித்தது. பஸ் வரும்வரை கேட்டது. பஸ் கொஞ்சம் தாமதம்.

புகாரில் பெபிஷா சொல்லியிருப்பதெல்லாம் சரி. கையெழுத்துப் போடுகிறேன். அவள் நேற்றே விமானம் ஏறிவிட்டதாக ரசலையன் சொன்னார். என் போனை அவள் எடுப்பதில்லை. கோபம் இருக்கும், ஆறிவிடும். பிள்ளை மனசு எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு வேண்டுகோள், மேடம். அந்த பெல்ட் உங்கள் மேஜைமேல் கிடக்கிறது. இந்நேரம் சார்ஜ் தீர்ந்திருக்கும். கேஸுக்கு வேண்டுமென்றால் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள், இப்போதைக்குக் கொஞ்சம் சார்ஜ் போட்டு என் கழுத்தில் கட்டிவிடச் சொல்லுங்கள். நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல் அவள் தவித்துப்போவாள்.